நசுருதீன் லேமினேட் பண்ணிய ஜன்னல்கள்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஹபீஸாவின் வீட்டுக்குப் போகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எதை வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம். சாப்பாட்டு மேஜையின் ஜன்னல் பக்க மூலையில் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே ஒரு நீல பிஸ்கட் டப்பா இருக்கும். திறந்தால் பிஸ்கட் இருக்காது என்பதை நம் ஜனங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஊசி, நூல், பட்டன், கத்தரித்த துணித் துண்டுகள் எல்லாம் அதற்குள்தான். தெரியாத்தனமாக யாராவது அந்த மூலையில் சால்னாக் கிண்ணத்தை வைத்துவிட்டால் போச்சு. விருந்தாளி என்றுகூடப் பார்க்காமல், "ஐயோ, அங்க வேணாங்க, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று ஓடி வருவாள்.

அந்த மூலையில்தான் அவளுடைய தையல் அட்டைகள் பிறந்தன. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு எவ்வளவு பெரிதோ, ஓர் அட்டையும் அவ்வளவுதான். உள்ளே கெட்டித் துணி, மேலே அழகுத் துணி, அதன்மேல் கைத்தையலில் ஒரு படம். பின்பக்கத்தில் செய்தவரின் பெயர், ஊர், வருடம். அதை விற்கக் கூடாது, காசு கொடுத்து வாங்கவும் கூடாது. இன்னொருத்தி தைத்ததோடு மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊர் லைப்ரரியின் சின்ன ஹாலில் எட்டுப் பெண்கள் கூடி இதைச் செய்துகொண்டிருந்தார்கள். இத்தனூண்டு அட்டைக்கா இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் ஒரே ஒரு தடவை அந்த ஹாலுக்குப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். கல்யாண வீட்டில் பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு ஆசையாகத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

ஹபீஸா சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவள். நாள் முழுக்க நாலு பேரோடு போனில் பேசிப் பேசிப் பழகிய வாய். 2002-இல் கணவனின் விசாவோடு ஒட்டிக்கொண்டு நியூ ஜெர்ஸி வந்ததும் அந்த வாய்க்கு வேலை போய்விட்டது. அவள் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. வீட்டுக்கு வரும் தபாலில் அவள் பெயர் போட்ட கவர் ஒன்றும் இருக்காது. சலவை சோப்பு கூப்பன்கூட நசுருதீன் பெயருக்குத்தான் வந்தது. நாலு வருடம் இப்படியே போனபின், மகள் ஷஹீமாவை லைப்ரரியில் கதை நேரத்துக்கு விட்டுவிட்டு அங்கேயே ஒரு ஜன்னலோரம் காத்திருந்த ஒரு நாள், சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பட்டாவின் பிரிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு நிழல் அவள்மேல் விழுந்தது.

"இது கையாலயா? மெஷின் இல்லையா?" என்றது ஒரு பெரிய குரல்.

அதுதான் மார்லீன். முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். பின்சீட்டில் வம்பு பண்ணும் பையனைக் கண்ணாடியில் பார்த்தபடியே அடக்கிய குரல் அது, லைப்ரரியிலும் இறங்கவில்லை. ஹபீஸாவின் கையைப் பிடித்து அப்படியே ஹாலுக்குள் அழைத்துப்போய், "புது ஆள்" என்று உட்கார வைத்துவிட்டார். ஹபீஸா அவரை மார்லீன் ஆன்ட்டி என்று கூப்பிட, அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மார்லீனின் சட்டம் ஒன்றே ஒன்று: கைக்குக் கை. அட்டை கொடுத்தால் அட்டை, இல்லையென்றால் இல்லை. ஒரு தடவை வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண்மணி பர்ஸைத் திறந்து விலை கேட்டார். மார்லீன் அவரை ஸ்டாப் வந்துவிட்டது என்பதுபோல் வாசலில் இறக்கி விட்டுவிட்டார். இன்னொரு தடவை, அவருடைய நாற்பது வருடச் சிநேகிதி டோலரஸ், பேரனுக்கு ஜுரம் என்று வெறுங்கையோடு வந்தாள். காபி கொடுத்தார், கேக் கொடுத்தார், பேரனுக்கு விளையாட்டுச் சாமான்கூடக் கொடுத்தார். அட்டை கொடுக்கவில்லை.

மார்லீனின் அட்டை ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு மஞ்சள் பஸ் ஒளிந்திருக்கும். மரத்துக்குப் பின்னால், மேகத்துக்கு நடுவில், ஒரு தடவை சூப் கிண்ணத்துக்குள். யார் யாரோடு மாற்றிக்கொள்வது என்று ஒவ்வொரு மாதமும் சீட்டுக் குலுக்குவார்கள். எட்டு மாதமாக ஹபீஸாவுக்கு மார்லீன் பெயர் விழவேயில்லை. அவளுக்கு ஒரே வயிற்றெரிச்சல். டோலரஸுக்கு இரண்டு தடவை விழுந்திருந்தது.

2007 ஏப்ரலில் மார்லீன் எழுந்து நின்று, தான் மகளோடு இருக்க அரிஸோனாவுக்குப் போவதாகச் சொன்னார். மே மாதம்தான் கடைசி. அன்று குலுக்கல் கிடையாது, எல்லாரும் எல்லாரோடும் மாற்றிக்கொள்ளலாம். தலைப்பு: ஜன்னல். ஹபீஸாவுக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. மார்லீன் ஆன்ட்டி போகிறார். ஆனால் அவர் கையால் ஓர் அட்டை கட்டாயம் கிடைக்கப்போகிறது. தன்னுடையதும் அவரோடு அரிஸோனா போகப்போகிறது.

அந்த மாதம் அந்த வீட்டில் யாருக்கும் ஒழுங்கான சாப்பாடு கிடைக்கவில்லை. தன் சமையலறை ஜன்னல் வழியாக வருடம் முழுக்கத் தெரிவதையெல்லாம் ஹபீஸா தைத்தாள். பார்க்கிங் லாட், பனி, பக்கத்து வீட்டுத் தக்காளிச் செடி, மழையில் குடையோடு நிற்கும் தபால்காரர். பனிக்கு வெள்ளை நூலில் குட்டிக் குட்டி முடிச்சுகள், தக்காளிக்குச் சிவப்பு மணிகள். ஏழாவது அட்டை மார்லீனுக்கு. அதில் காலை நேரத்து ஸ்கூல் பஸ். பஸ்ஸைப் பஞ்சு வைத்துப் புடைப்பாகத் தைத்து, விளக்குகளுக்கு மணி கோத்து, ஏறுகிற பிள்ளைகளின் தலைக்கு ஒவ்வொரு முடிச்சு போட்டாள். ஏழின் பின்பக்கத்திலும் பேனாவால் தன் பெயரை எழுதினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவைத்துவிட்டுப் புலம்ப ஆரம்பித்தாள். "சனிக்கிழமை மழைன்னு போட்டிருக்கான். நனைஞ்சிட்டா என்ன பண்றது? அவங்க அரிஸோனாவுக்குப் பேக் பண்ணும்போது கறை பட்டுச்சுன்னா? நூலு பிரிஞ்சிட்டா?"

பொண்டாட்டி புலம்பினால் ‘உம்’ கொட்டிவிட்டு டி.வி. பார்க்கிற புருஷனாக நசுருதீன் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். யாராவது ஒரு பிரச்சினையைச் சொன்னால் அவனுக்கு அது ஆபீஸ் வேலை மாதிரி, தீர்த்துவைக்காமல் தூக்கம் வராது. அதற்கு மேல், அவனுக்கு ஒரு பைத்தியம் வேறு இருந்தது. லேமினேஷன். டிகிரி, மார்க் ஷீட், ஷஹீமாவின் நீச்சல் சர்டிஃபிகேட், பீட்ஸா கடை மெனு எல்லாவற்றையும் ஆபீஸ் மெஷினில் கொடுத்துப் பளபளவென்று கொண்டுவந்துவிடுவான். பள்ளிவாசலில் கொடுக்கும் ரமலான் நேர அட்டவணையைக்கூட விடுவதில்லை. வருடாவருடம் மாறுகிற காகிதத்தை எதற்கு லேமினேட் பண்ணவேண்டும் என்று கேட்டால், "கிழியாதுல்ல?" என்பான். கிழியாத பழைய அட்டவணைகள் ஃபிரிட்ஜுக்கு மேலே அடுக்கடுக்காக இருந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவன் முகத்தில் ஏதோ பரிசு வாங்கிவந்த களை.

"கண்ண மூடு."

"அடுப்புல பால் இருக்கு, மூட மாட்டேன்."

"ஒரே செகண்ட், மூடேன்."

மூடினாள். மேஜையில் ஏதோ டக் டக்கென்று விழுந்தது. துணி விழும் சத்தம் இல்லை அது. கண்ணைத் திறந்தாள்.

"இனிமே மழை இல்ல, வெள்ளமே வந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றான் நசுருதீன். "எப்டி?"

பனி முடிச்சுகள் சப்பையாகிக் கிடந்தன. தக்காளி மணிகள் நொறுங்கிச் சட்னி ஆகியிருந்தன. தபால்காரரின் நைலான் குடை சூட்டில் சுருங்கி, அவர் தலையில் தொப்பியாக ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே வழவழவென்று பிளாஸ்டிக். ஷஹீமா ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "மம்மி, இட்ஸ் லைக் அ லைப்ரரி கார்டு!" என்றாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் கார்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"லேமினேட் பண்ணேன். காலையில உன் டப்பாலேருந்து எடுத்துட்டுப் போனேன். நீதான நேத்து சொன்ன, நனைஞ்சிடும், கறை பட்டுடும்னு…"

"யா அல்லாஹ்! பொலம்புனா கேட்டுட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? யாராச்சும் எம்ப்ராய்டரிய கொண்டுபோய் லேமினேட் பண்ணுவாங்களா?" அவள் எண்ணிப் பார்த்தாள். "ஆறுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

நசுருதீன் அசடு வழிந்தபடி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான். மடிந்து மடிந்து விசிறியாகிப்போன பிளாஸ்டிக். நடுவில் மஞ்சளாக ஏதோ ஒன்று. இருப்பதிலேயே தடித்த அட்டை அதுதானே, மெஷின் அதைக் கடித்துத் துப்பிவிட்டது.

"இது கொஞ்சம் கனமா இருந்துச்சா… மெஷினுக்கு டென்ஷன் ஆயிடுச்சு" என்றான்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் போய் அணைக்கவில்லை. ஹபீஸா விசிறியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அன்று மேஜைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

காலையில் தொழுதுவிட்டு வந்தவள், போகப்போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். இதை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது? ஆறையும் குப்பையில் போடலாம் என்று அள்ளினாள். ஜன்னலில் வந்த வெயில் மேலே இருந்த அட்டையில் பட்டு அவள் கண்ணில் அடித்தது. திருப்பிப் பார்த்தாள். மறுபடி அடித்தது. பனிக்கு முன்னால் கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. "கண்ணாடியாம் கண்ணாடி" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் அட்டையைக் கீழே போடவில்லை. ஜன்னல் என்றால் கண்ணாடி இருக்கத்தானே செய்யும்? கண்ணாடி இருந்தால் சட்டம் வேண்டும். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பிளாஸ்டிக் நின்றது. அதில் கெட்டி நூலில் காஜா தையல் போட்டால்? ஊசியைக் குத்திப் பார்த்தாள். ஊசி வளைந்ததுதான் மிச்சம்.

நசுருதீன் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். ஹபீஸா அவன் பக்கம் திரும்பாமலே, "ஷஹீமா, உங்க அத்தாகிட்ட சொல்லு. உன் ஜியோமெட்ரி பாக்ஸ்ல காம்பஸ் இருக்கும், அத எடுத்து ஓரத்துல ஓட்ட போட்டுத் தரச் சொல்லு. கோணாம போடச் சொல்லு" என்றாள்.

"அத்தா, ஷி நீட்ஸ் ஹோல்ஸ்" என்றாள் ஷஹீமா.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று அவன் ஓடினான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு ஓட்டையையும் ஒரே இடைவெளியில் குத்திக் கொடுத்தான். அதில் மட்டும் குறை சொல்ல அவளால் முடியவில்லை. அவள் மரச்சட்டத்தின் நிறத்தில் நூல் கோத்து மளமளவென்று தைத்துக்கொண்டே வந்தாள். ஆறாவதுக்கு ஓட்டை போட்டு முடித்ததும் அவன் நீல டப்பாவிலிருந்து எதையோ அள்ளிக்கொண்டு பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கோபித்துக்கொண்டான்போல என்று நினைத்தாள். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

லைப்ரரிக்கு அவன்தான் டிரைவ் பண்ணிக் கொண்டுபோய் விட்டான். மழை ஒரு சொட்டு இல்லை. ஷஹீமாவைக் கூட்டிக்கொண்டு அவன் குழந்தைகள் பகுதிக்குப் போக, ஹபீஸா ஹாலுக்குள் போனாள். அவள் முறை வந்தபோது எழுந்து நின்று எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். புலம்பியது, கண்ணை மூடச் சொன்னது, மெஷினுக்கு டென்ஷன் வந்தது எல்லாம். டோலரஸ் சிரித்த சிரிப்பில் அவள் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. தன் புருஷன் காருக்கு ஆயில் மாற்றும்போது, தான் தைத்த குயில்ட் போர்வையைக் கீழே விரித்துப் படுத்திருந்ததாக அவள் சொன்னாள். ஆளுக்கொரு புருஷன் கதை வந்தது. ஹபீஸாவும் சிரித்தாள், நேற்றிலிருந்து முதல் தடவையாக.

மார்லீன் மட்டும் சிரிக்காமல் ஓர் அட்டையை எடுத்து, சட்டத்தின் ஓரமாகக் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார். திருப்பினார், மறுபடி ஓட்டினார்.

"கைத்தையல்தான்" என்றார். "செல்லும்."

ஹபீஸாவுக்கு உயிர் வந்தது. டோலரஸ் அடித்துப் பிடித்துப் பனி ஜன்னலை வாங்கிக்கொண்டாள். குடை தொப்பியான தபால்காரருக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒவ்வொன்றாகக் கை மாறி, ஆறும் தீர்ந்தது. மிச்சம் இருந்தது மார்லீன் ஒருத்தர்தான். அவர் கையில் கடைசி அட்டை.

ஹபீஸா அதைக் குனிந்து பார்த்தாள். லைப்ரரியின் ஜன்னல். உள்ளே ஒரு பெண் குனிந்து துப்பட்டாவைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துப்பட்டாவின் ஓரத்தில், பூ வேலைக்கு நடுவில், ஒரு கடுகளவு மஞ்சள் பஸ்.

"ஆன்ட்டி, உங்களுக்குன்னு செஞ்சதுதான் மெஷின்ல போயிடுச்சு. என்கிட்ட இல்ல."

"கொடுத்துடு மார்லீன்" என்றாள் டோலரஸ். "கடைசி நாள்." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மார்லீன் அட்டையைப் பார்த்தார், ஹபீஸாவைப் பார்த்தார். சட்டம் போட்டவரே அதை உடைப்பதா? அட்டையைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க ஹபீஸாவுக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம் ஆன்ட்டி. கைக்குக் கை. எனக்காக மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன அடுத்த நொடியே, ஏண்டி சொன்னோம் என்றிருந்தது.

கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். நசுருதீன். ஒரு கையில் ஷஹீமா, இன்னொரு கை சட்டைப் பையில். பரீட்சை ஹாலுக்குத் தாமதமாக வந்தவனைப்போல் உள்ளே வந்து, மார்லீன் முன்னால் நின்று, பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

ஓர் அட்டை. பாத்திரம் துடைக்கும் மஞ்சள் துணியைக் கத்தரித்து ஒரு பஸ். இரண்டு கறுப்புப் பட்டன்கள் சக்கரம். அவனுடைய இன்டர்வியூ கோட்டின் பட்டன்கள் என்று ஹபீஸா பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மேன்ஷனில் தங்கியிருந்த காலத்தில் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டதோடு அவன் தையல் படிப்பு முடிந்திருந்தது. அதனால் பஸ்ஸின் நாலு மூலையும் பட்டன் தையலிலேயே முண்டு முண்டாக நின்றது. பஸ் ஏற்காடு மலை ஏறுவதுபோல் சாய்ந்திருந்தது. சுற்றிலும் ஒரு ஜன்னல் சட்டம், ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டின் மேலே. கோடு நேராக இருந்தது, தையல் இல்லை.

மார்லீன் அதைத் திருப்பினார். நசுருதீன், ஈஸ்ட் பிரன்ஸ்விக், 2007.

"நீங்களே தைச்சதா?"

"ஆமா. விரல்ல நாலு தடவ குத்திக்கிட்டேன்."

மார்லீன் இப்போது சிரித்தார். பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற சிரிப்பு. "அப்ப சட்டப்படி உங்களோடதான் நான் மாத்திக்கணும்" என்று சொல்லி, துப்பட்டா தைக்கும் பெண்ணை அவன் கையில் வைத்துவிட்டார். அப்புறம் ஹபீஸாவை இழுத்துக் கட்டிக்கொண்டார். "இவர ஸ்கூல் பஸ் ஓட்ட மட்டும் விடாத. வண்டி சாயுது" என்றார் அவள் காதில்.

காரில் ஏறி ரூட் 18-இல் திரும்பும் வரைக்கும் ஹபீஸா அவன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எட்டு மாதம் தவம் கிடந்தது அவள். இன்று காலையில் முதல்முறையாகப் படம் தைத்த மனிதனுக்கு அட்டை கிடைத்திருக்கிறது! சிக்னலில் கார் நின்றதும் அவன் அதை நீட்டினான்.

"இந்தா, உனக்காகத்தான் வாங்குனேன்."

கை தன்னால் நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டாள். "சும்மா வாங்கக் கூடாது. கைக்குக் கை. நான் ஒண்ணு தைச்சுத் தரேன், அப்ப குடுங்க." பிறகு, "ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க. நனையும்னு பயந்தா ஒரு கவர்ல போட்டா போதாதா? எதுக்கு லேமினேட் பண்ணீங்க?"

நசுருதீன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான். "நம்ம ஃபைல்ல என்னெல்லாம் இருக்கு, சொல்லு."

"உங்க டிகிரி. உங்க மார்க் ஷீட். உங்க அவார்டு. இவளோட நீச்சல் சர்டிஃபிகேட்."

"உன்னோடது?"

அவள் யோசித்தாள். "நிக்காஹ் பேப்பர்ல பாதி."

"அதான். அஞ்சு வருஷமா இந்த ஊர்ல உன் பேர் போட்டு ஒரு பேப்பர் வரல ஹபீஸா. வந்தா பத்திரமா வச்சுக்கலாம்னு நானும் பாக்குறேன். அன்னிக்கு மேஜையில பாத்தா ஏழு இருக்கு. ஏழுலயும் பின்னாடி உன் பேரு." அவன் தோளைக் குலுக்கினான். "கை சும்மா இருக்கல."

ஹபீஸா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படி ஓர் ஆளை நேற்றிலிருந்து பேசாமல் வதைத்துவிட்டோமே என்றிருந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"சிக்னல் விழுந்துடுச்சு, போங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையின் அதே மூலையில் அவர்கள் அட்டை மாற்றிக்கொண்டார்கள். அவனிடமிருந்து லைப்ரரி ஜன்னலை வாங்கி அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் கொடுத்ததில் ஒரு பெட்ரூம் ஜன்னல். உள்ளே ஒரு மனிதன் கட்டிலில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். பின்பக்கம் இந்தத் தடவை பேனாவால் இல்லை, நூலாலேயே பெயர்: ஹபீஸா, ஈஸ்ட் பிரன்ஸ்விக், 2007.

நசுருதீன் அட்டையை விரலால் தடவிப் பார்த்தான். இவளுடைய அட்டைகளுக்கு இருக்கும் மேடு பள்ளம் எதுவும் இல்லை. மணி இல்லை, முடிச்சு இல்லை, நைலான் இல்லை. பருத்தி நூலில் தட்டையான தையல் மட்டும்.

"என்ன ஹபீஸா, இது மட்டும் இப்டி சப்பையா இருக்கு?"

"நாளைக்கு ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாள் அவள், டப்பாவை மூடிக்கொண்டே. "மெஷினுக்கு டென்ஷன் ஆகக் கூடாதுல்ல."